மண்ணுக்குள் வைத்த வைன்

மண்வெட்டி முனையில் கிணுக்கென்று ஒரு சத்தம். கோணேஸ்வரன் அப்படியே நின்றுவிட்டான். நெஞ்சளவு ஆழமான கிடங்கு. காலடி ஈரமண்ணில் வட்டமாக ஏதோ மினுங்கியது.

"அண்ண, தள்ளுங்க! பின்னால போங்க!"

"ஏன்ரா கத்துறாய்? உது போத்தலடா," என்று மேலிருந்து சிரித்தார் கூட வேலைசெய்யும் சண்முகலிங்கம்.

கோணேஸ்வரனுக்குச் சிரிப்பு வரவில்லை. சண்டை முடிந்து, மட்டக்களப்புப் பக்கம் வாகரையில் திரும்பக் குடியேறிய வருஷம், மிதிவெடிக்குச் சிவப்புத் தடி நட்ட காணிகளுக்கு அப்பால், தடியில்லாத நல்ல நிலத்தில்தான் அவன் தமையன் கச்சான்கடலை போடக் கொத்தினான். கால் போய்விட்டது. ரொறன்ரோவில் கிடங்கு வெட்டியே பிழைக்கிறான் கோணேஸ்வரன். ஆனால் இன்றுவரை வெறுங்கையை மண்ணுக்குள் விட்டதில்லை. இரும்புதான் முதலில் போகும்.

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் மனுவல் ஓடிவந்தார். போர்த்துக்கல்லின் வடக்கு மலையூர்க்காரர். இங்கே கொங்கிறீற் ஊற்றியே முதுகைக் கொடுத்தவர். மெல்ல வெட்டச் சொன்னவர் காரணம் சொல்ல மறந்துவிட்டாராம். உடைந்த இங்கிலிஷில் சொன்னார். இருநூறு வருஷத்துக்கு முன் பிரெஞ்சுப் படை வர, ஊர்ச்சனம் வைன் போத்தல்களைப் புதைத்துவிட்டு ஓடியது. திரும்பிவந்து, கெட்டிருக்கும் என்று நினைத்துத் தோண்டிக் குடித்துப் பார்த்தால், முன்னதைவிட ருசி. மெல்லிய நுரை வேறு. படை போன பிறகும் புதைப்பதை விடவில்லை. அதற்குச் செத்தவர்களின் வைன் என்று பெயர். இது அவரே கராஜில் பிழிந்து இங்கே புதைத்தது, சனிக்கிழமை மகளின் கலியாணத்துக்கு எடுக்கவேண்டும். கனடாக் குளிர் இறங்காத ஆழம் வேண்டுமென்றுதான் இவ்வளவு ஆழத்தில் வைத்தது.

ஆமிக்குப் பயந்து ஓடின சனம், திரும்பிவந்து மண்ணை நம்பியிருக்கிறது. அதை வழக்கமாக்கியும் வைத்திருக்கிறது. என்ன மனுசரடா!

இனி மண்வெட்டி பட்டால் உடையும், கையால்தான் எடுக்கவேண்டும் என்று மனுவல் ஏணியில் கால்வைத்தார். முதுகு பிடித்து முகம் கோணியது.

"நீங்க நில்லுங்க. நான் எடுக்கன்."

கோணேஸ்வரன் கையுறையைக் கழற்றினான். போத்தலைச் சுற்றி விரலால் சுரண்டி, மெல்ல அசைத்து இழுத்தான். குளிர்ந்து, பாரமாக, முழுசாக வந்தது. மனுவல் அதை வாங்கி, மண்ணோடு சேர்த்து முத்தமிட்டார். மிச்சத்தையும் எடுத்து முடிந்ததும் ஒன்றை அவனிடமே நீட்டினார்.

அடுத்த கிழமை வெக்ஸ்போர்ட்டிலுள்ள தன் வீட்டின் பின்வளவில் கோணேஸ்வரன் நெஞ்சளவு வெட்டினான்.

"இஞ்சருங்க, குடிக்கத் தந்தத ஆராவது புதைப்பாங்களா?" என்றாள் மனைவி நிசாந்தினி.

"மகள்ற கலியாணத்துக்குக் கிடக்கட்டும்."

"அவள் இன்னும் பல்லுக்குக் கம்பி கட்டித் திரியிறாள்!"

மண்ணைக் கையாலேயே தள்ளி மூடினான். அடையாளத்துக்கு, பனி மூடினாலும் வழியின் ஓரம் தெரியட்டும் என்று வாசலில் நடும் சிவப்புத் தடியொன்றைக் கொண்டுவந்து குத்தினான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு பிடுங்கி வேலியோரம் எறிந்துவிட்டு, நிசாந்தினியின் நாற்றுத் தட்டிலிருந்து ஒரு மிளகாய்க் கன்றை எடுத்து, ஈரமண்ணில் விரலை ஆழமாக விட்டுக் குழி செய்தான்.