மூன்று டன் தாங்கும்

கார் லிஃப்டின் இரும்புக் கிராதியை அவள் இழுத்துத் திறந்தாள். அப்பா ஸ்ட்ரெச்சரில் கழுத்துவரை போர்த்திக் கிடந்தார். விடியற்காலையில் மாடி வீட்டில் தூக்கத்திலேயே போய்விட்டார். மாடிப்படி வளைந்து வளைந்து இறங்கும். அதில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. கார்களை மாடிக்கு ஏற்ற அந்தக் காலத்தில் போட்ட லிஃப்டில்தான் இறக்கியாக வேண்டும். அதை ஓட்டத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

கார் என்பதே அதிசயமாக இருந்த நாளில் தாத்தா கட்டிய கட்டடம். முன்பக்கம் ஷோரூம்: கூரைவரை கண்ணாடி, கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை, நட்டநடுவில் ராஜா மாதிரி ஒரே ஒரு கார். பின்பக்கம் ஒர்க்‌ஷாப்: சிமெண்டுத் தரை, வண்டிக்கு அடியில் இறங்கி வேலை செய்யப் பள்ளம், வெளிச்சத்துக்குக் கூரைச் சரிவில் கண்ணாடிகள். இரண்டுக்கும் நடுவே இருபக்கமும் தள்ளித் திறக்கும் ஒரு கதவு. அப்பா முன்பக்கத்தை அண்ணனுக்கும் பின்பக்கத்தை அவளுக்கும் கொடுத்தார். கிரீஸ் செருப்போடு ஒருத்தரும் அந்தக் கதவைத் தாண்டக் கூடாது என்பது அவர் சட்டம். வருகிறவர்களிடம் அப்பா அண்ணன் தோளில் கைபோட்டு “என் பையன்” என்று சொல்வதை முப்பது வருஷமாகக் கதவின் வட்டக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்தாள். வயிறு பற்றி எரியும். செத்த இன்ஜினுக்கு உயிர் கொடுக்கிறவள் இவள், பேர் வாங்குகிறவன் அவன்.

இப்போதும் அதே கதைதான். கார் நின்ற இடத்தில் அப்பாவை வைக்க ஏற்பாடு செய்துவிட்டான். ஊரே வந்து அவன் கையைப் பிடித்துத் துக்கம் விசாரிக்கும். அவளுக்கு மிச்சம் இந்த லிஃப்ட் இறங்கும் இரண்டு நிமிஷம். அதை யாரோடும் பங்கு போடுவதாக இல்லை.

மெக்கானிக்குகள் இருவர் ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிவிட்டுப் படியிறங்கிப் போனார்கள். அண்ணன் நகரவில்லை.

“நானும் இதுலயே வரேன்.”

“பாரம் தாங்காதுண்ணா.”

அவன் தலைக்கு மேலேயே பித்தளைத் தகடு இருந்தது. மூன்று டன் தாங்கும் என்று எழுதியிருந்தது. நிமிர்ந்து படித்தான். அவள் முகம் மாறாமல் நின்றாள்.

“தினமும் சாயங்காலம் நீயும் அப்பாவும் இதுல பேசிக்கிட்டே மேல போவீங்க. கீழ நின்னு கேட்டுக்கிட்டிருப்பேன். ஒரு நாள்கூட என்னைக் கூப்பிட்டதில்ல. சட்டை அழுக்காயிடும்பாரு.”

சொல்லிவிட்டுப் படிப் பக்கம் போனான்.

இவனுக்குப் பொறாமையா? அதுவும் என்னைப் பார்த்தா? முதலில் அவளுக்கு இனித்தது, வெட்கமே இல்லாமல். கிராதியைச் சாத்திக் கைப்பிடியை அழுத்தினாள். லிஃப்ட் முனகிக்கொண்டே இறங்கியது. அப்பாவிடம் கேட்க எத்தனையோ வைத்திருந்தாள். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் ஒவ்வொரு படியாக இறங்குவதையே கேட்டுக்கொண்டு நின்றாள்.

கீழே ஒர்க்‌ஷாப்பில் அவளுக்கு முன்பே வந்து நின்றிருந்தான். கிராதியை அவனே தள்ளினான். பழக்கமில்லாதவன், முழங்கையை வைத்து முட்டித் திறந்தான். சலவைச் சட்டையின் கை நெடுகக் கிரீஸ் கறுப்பாக அப்பிக்கொண்டது. அவன் கவனிக்கவில்லை.

சொன்னால் ஓடிப்போய் மாற்றிக்கொண்டு வந்துவிடுவான். அவள் சொல்லவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் அன்று முழுக்க அந்தக் கையைத்தான் பிடித்தார்கள்.