தென்னந்தோப்புக்கு அடியில் ஒரு வாய்க்கால்

ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்தும் கீழக்காட்டுக் கிணற்றில் பொட்டுத் தண்ணீர் ஏறவில்லை. கண்மாயிலிருந்து மண்ணுக்கடியில் வரும் பழைய கல் வாய்க்கால் எங்கோ அடைத்துக்கொண்டிருந்தது. ஆள் தவழ்ந்து போகிற அளவு வாய்க்கால். அதைத் தூர்வாரலாம் என்று முதலில் சொன்னவள் முத்துப்பேச்சி. சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி விபத்தில் இடது கை வெந்துபோனதிலிருந்து அவள் வெடிமருந்தைத் தொடுவதில்லை. அந்தக் கிணற்றை நம்பித்தான் அரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்திருந்தாள்.

தீபாவளி முடிந்து கம்பெனிகள் மூடியிருந்ததால் தெருப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். கிணற்றுப் பக்கமிருந்து மண்ணை அள்ளிக்கொண்டே போனார்கள். கம்பெனி திறந்ததும் ஒவ்வொருவராக வேலைக்கு வேன் ஏறிவிட, மிஞ்சியவள் மாடத்தி மட்டும்.

“நாமளும் போயிருவமாக்கா?”

“நீ போறதுன்னா போ. தண்ணி வராம நான் விட மாட்டேன்.”

மாடத்தி போகவில்லை. முத்துப்பேச்சி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே தவழ்வாள். மாடத்தி கிணற்றுப் படியில் நின்று மண்கூடையை இழுப்பாள். ஒருநாள் கூடையில் மண்ணுக்குப் பதில் தென்னை வேர் வந்தது. மேலே சின்னச்சாமியின் தோப்பு. வேர்கள் சடைசடையாக இறங்கி வாய்க்காலையே மூடியிருந்தன.

கிணற்றடியில் குவிந்த வேரைப் பார்த்துவிட்டுச் சின்னச்சாமி படியிறங்கி வந்தார்.

“ஏ முத்துப்பேச்சி! யாரக் கேட்டு வேர அறுக்க? மரம் சாஞ்சா என்ன செய்வ?”

அவள் வாய்க்கால் வாயில் தலையை நீட்டினாள். “வாய்க்காலுக்குள்ள வந்த வேரத்தான்யா அறுக்கேன். மேல தோப்பு ஒங்களுது. கீழ ஓடுறது ஊருத் தண்ணி.”

“மொதல்ல வெளிய வா.”

“இன்னுங் கொஞ்சந்தான். முடிச்சிட்டு வாறேன், பெறகு ஏசுங்க.”

மறுபடி உள்ளே போய்விட்டாள். அவர் கோபத்தோடு அங்கேயே நின்றார். சற்று நேரத்தில் உள்ளே பொதக்கென்று சத்தம். கயிறு வெட்டி இழுத்தது.

“அய்யா, பிடிங்க!” மாடத்தி அலறினாள்.

சின்னச்சாமி துண்டை வீசிவிட்டுக் கயிற்றைப் பற்றினார். இருவரும் சேர்ந்து இழுத்ததில், உடம்பெல்லாம் சேறாக, இருமிக்கொண்டே முத்துப்பேச்சி வந்து படியில் விழுந்தாள். அவள் பின்னாலேயே கலங்கல் தண்ணீர் கிணற்றுக்குள் கொட்டியது.

“செத்திருப்பியே! மேல இருந்து தோண்டினா என்ன?”

“நீங்க விட்ருக்க மாட்டீக.”

அவர் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தபடி படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை லீவில் வேன் ஏறிப் போன பெண்களும் வந்து மீதி வேரை அறுத்தார்கள். சின்னச்சாமி தடுக்கவில்லை. அந்த வாரமே முத்துப்பேச்சி மிளகாய் நாற்று நட்டாள்.