துருநிறத் தூள்

கதவைத் திறந்த தம்பி சிரித்ததைக் கண்டதும் மரக் கடைசல்காரரின் பயம் இரட்டித்தது.

"ராத்திரி பூரா வாந்தி, பேதிண்ணே. இப்ப பாருங்க, கல்லு மாதிரி இருக்கேன்!"

கடைசல்காரரின் கையிலிருந்த நீலத் தட்டில், அவர் கவிழ்த்து வைத்திருந்த காளான் குடை துருநிறத் தூளை உதிர்த்திருந்தது. வெள்ளையாக உதிர்ந்தால்தான் உண்ணலாம் என்று காளான் வித்து விற்றவர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தூள் உதிரும்வரை பொறுக்காமல், கடைசல்காரர் முதல் விளைச்சல் முழுவதையும் தம்பிக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். தாமே துளையிட்டு, வித்து அடைத்து, மெழுகு பூசிய மரக்கட்டையில் தாம் இட்டதைத் தவிர வேறொன்று முளைக்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. மட்கிய சுள்ளிகளில் தானாக முளைக்கும் அந்தச் சிறு பழுப்பு விஷக் காளானுக்கோ அதுவும் ஒரு கட்டைதான்.

"கிளம்புடா, ஆஸ்பத்திரிக்கு."

"வயித்துல ஒண்ணுமே மிச்சமில்ல. அங்க போய் எதைக் காட்டுறது?"

"சட்டி முழுக்க இவரே காலி பண்ணாரு மாமா, எனக்கு ஒரு வாய் குடுக்கல" என்றாள் தம்பி மனைவி.

கடைசல்காரர் வரும் வழியிலேயே மருத்துவரிடம் தொலைபேசியில் பேசியிருந்தார். வாந்தி அடங்கி ஆள் தெளிவது குணமன்று; ஈரல் அழியத் தொடங்கும் நேரம் அதுவே என்று அவர் எச்சரித்திருந்தார்.

"என் கட்டையில வேற ஏதோ முளைச்சிருக்குடா. விஷம்."

"உங்க கட்டையிலயா? தப்பா எதுவும் முளைக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க!"

தாம் அடித்த தம்பட்டமே தம்பியின் வாயிலிருந்து திரும்பி வந்தது. வாதாட இனி நேரமில்லை. கடைசல்காரர் தட்டிலிருந்த குடையை எடுத்து வாயருகே கொண்டுபோனார்.

தம்பி பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டான்.

"ஏன்டா தட்டுற? நல்ல காளான்தானே?"

 தம்பியின் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்தது. சட்டையை எடுத்து மாட்டினான். பொத்தான்கள் மாறிப் போயின. அவன் மனைவி, தரையில் விழுந்த குடையைக் காகிதத்தால் எடுத்துத் தட்டில் வைத்தாள்.

வாடகைக் காரில் கடைசல்காரர் மடியில் தட்டை வைத்துக்கொண்டு, தம்பியின் கண்வெள்ளையில் மஞ்சள் தெரிகிறதா என்று பார்த்தபடியே வந்தார்.

"அடுத்த தடவையாவது பாத்து அனுப்புங்கண்ணே" என்றான் தம்பி.

அவர் சிரிக்க முயன்றார். உதடு கோணியதே தவிரச் சிரிப்பு வரவில்லை.