அத்தான் முகம் போட்ட பை

அத்தான் உயிரோடு இருந்த காலத்தில் ஒரு கடைக்குள்ளும் கால் வைத்தவர் அல்ல. அக்காவைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கார் நிறுத்துமிடத்தில் வானொலி கேட்டபடி இருப்பார். அக்கா இரண்டு கையிலும் பைகளோடு வெளியே வந்தால், காரின் முன்கண்ணாடிக்குப் பின்னால் அந்த முகம் தெரியும். சாமான்களை வாங்கி வைக்கக்கூட இறங்கமாட்டார். இருந்த இடத்திலிருந்தே பின்பெட்டியைத் திறந்துவிடுவார். அதைப் பெரிய உதவி என்று அவர் நினைத்ததுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

செத்த பிறகுதான் மனிதர் கடை கடையாக ஏறி இறங்கத் தொடங்கினார்.

எல்லாம் தனுஜனால் வந்தது. தனுஜன் அக்காவின் ஒரே மகன். எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு போகக்கூடாது. இறந்தவரின் படமும் தேவாரமும் போட்ட நினைவுப் புத்தகம் ஒன்றை, ஒரு சில்வர் பாத்திரத்தோடு பிளாஸ்டிக் ஷொப்பிங் பாக்கில் போட்டுக் கொடுப்போம். இப்போது மொன்ட்ரியாலில் ஷொப்பிங் பாக்குக்குத் தடை. எந்தக் கடையிலும் கிடையாது.

"சின்னம்மா, புத்தகத்தை ஒருத்தரும் வாசிக்கிறேல்லை. நேரா ரீசைக்கிளிங்குக்குத்தான் போகுது" என்றான் தனுஜன். "துணி பாக் எண்டால் எல்லாருக்கும் தேவை. அப்பான்ரை படத்தை அதிலையே போடுவம். சூழலுக்கும் நல்லம்."

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கனடாக் குடியுரிமை எடுத்த அன்று பிடித்த படத்தைப் போட்டான். கோட்டும் டையும் கட்டி, சிரிக்காமல், நேரே பார்க்கிற படம். கீழே 'அமரர் சிவநேசம்' என்ற பெயர். அதற்கும் கீழே அன்னாரின் ஆத்மா சாந்தியடைய வேண்டுகிற வரி. முந்நூறு பைகள், தடித்த துணி, கைப்பிடிக்கு இரட்டைத் தையல். பத்துக் கிலோ அரிசி தாங்கும் என்று நன்றியுரையிலேயே சொன்னான். சனம் ஆளுக்கு இரண்டு எடுத்துக்கொண்டு போனது. பையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் பிழையாகப் போனது.

அக்கா செத்தவீட்டில் அழவில்லை. வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். முப்பத்தோராம் நாளும் அழவில்லை. யோகராணிக்கு மனம் கல்லு என்று சில பேர் என் காதுபடவே கதைத்தார்கள். எனக்கு அதைவிட வேறு பயம். அழாத துக்கம் ஆளைச் சாய்த்துவிடும் என்று பயந்தேன். வெளிக்காற்றுப் பட்டால் நல்லது என்று ஒரு சனிக்கிழமை அவளை ஜான்-டலோன் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

தக்காளிக் கடைக்கு முன்னால் ஒரு பெண் போனாள். தோளில் அத்தான். அவருடைய தலைக்கு மேலே ஒரு பெரிய மீன்வால் விறைத்துக்கொண்டு நின்றது.

"இந்திரா, இவர் மீன் வாங்கியிருக்கிறார்" என்றாள் அக்கா.

"அக்கா, அது பை."

"பை எண்டு தெரியுது. முகம் ஆரின்ரை?"

அத்தான் சுத்த சைவம். கேக்கில் முட்டை இருக்கிறது என்று தெரிந்தால், பிறந்தநாள் வீட்டிலேயே துப்பிவிட்டு வருவார். அவருக்காக அக்கா கல்யாணத்தன்று மீனை விட்டவள். நாங்கள் பருத்தித்துறைக்காரர். மீன் இல்லாமல் சோறு இறங்காத வீட்டில் பிறந்த ஒருத்தி மீனை விடுவது லேசுப்பட்ட காரியமில்லை.

பிறகு எங்கே போனாலும் அத்தான்தான். தெருமுனை தெப்பனரில், அந்தச் சின்னக் கடையில், ஒருவன் காசுக்குத் திருப்பிக் கொடுக்க வெறும் பியர்ப் போத்தல்களை அவருக்குள் போட்டுக் கொண்டுவந்தான். வாழ்நாளில் ஒரு துளி குடியாத மனிதர். எங்கள் கட்டடத்து உடுப்புத் தோய்க்கும் அறையில் யாருடையவோ உள்ளாடைகளோடு இருந்தார். மழையன்று மெட்ரோ வாசலில் ஒருவர் அவரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார்.

அக்கா வெளியே போவதை நிறுத்திக்கொண்டாள். வாசல் வரைக்கும்கூட வரமாட்டேன் என்றாள்.

"போற இடமெல்லாம் நிக்கிறார். அதுவும் கண்ட கண்ட சாமானோடை. எனக்குப் பாக்கேலாது, இந்திரா."

சாப்பாடும் குறைந்துகொண்டு வந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பூப் போட்ட துணிப் பைகளை மொத்தமாக வாங்கிக்கொண்டு, வீடு வீடாக ஏறி, ஒன்றுக்கு ஒன்று மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். சனம் லேசில் கொடுக்கவில்லை. "இது நல்ல தடிப்பு. நீர் கொண்டந்தது தண்ணி பட்டால் கிழியும்" என்று ஒருத்தி என் பையை இழுத்துப் பார்த்தாள். மொன்ட்ரியால்-நோரில் இன்னொருத்தி ஒன்றுக்கு இரண்டு கேட்டாள். துக்க வீட்டுப் பையை வைத்துப் பேரம் பேசுகிற வாய்க்கு என்ன சொல்வது? இரண்டாகவே கொடுத்துவிட்டு வந்தேன்.

கடைசியாகக் கிறகரியிடம் போனேன். புவாண்ட்-கிளேர் பண்டகசாலையில் அத்தானோடு வேலை செய்தவன். இப்போது சந்தையில் மீன்கடையில் நிற்கிறான். அவனும் கடை மீனை அத்தான் பையில் போட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

"உனக்கு வெக்கமில்லையோ, கிறகரி?"

"ஆணையாச் சொல்லுறன் அக்கா, அண்ணைக்கு ஒரு மரியாதைக் குறைவும் செய்யேல்லை. மீன் போடேக்கை பையைப் புரட்டி, உள்பக்கத்தை வெளியாலை எடுத்துப்போட்டுத்தான் போடுறனான்."

"அப்ப முகம் எங்கை?"

"உள்ளுக்கை."

"மீன்?"

கிறகரி பையை எடுத்து உள்ளே எட்டிப் பார்த்தான். பிறகு அதைக் கழுவி என்னிடம் தந்தான்.

அநேகமாக எல்லாம் திரும்பி வந்துவிட்டன. தோய்த்து, காயவைத்து, கட்டுக் கட்டாக அக்கா வீட்டு அலுமாரியில் அடுக்கினேன்.

அடுத்த சனிக்கிழமை அக்கா வெளிக்கிட்டாள். சந்தையில் போகிற வருகிற பையை எல்லாம் ஓரக்கண்ணால் பார்த்தாள். எல்லாம் பூவும் கடைப் பெயரும்தான். மெல்ல மெல்லத் தலை நிமிர்ந்தது. லீக்ஸை முகர்ந்து பார்த்தாள், போஞ்சியை ஒடித்துப் பார்த்தாள், வியாபாரியோடு அரைகுறைப் பிரெஞ்சில் சண்டையும் போட்டாள். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வெளியே வந்தோம். நாங்கள் வந்தது பஸ்ஸில். ஆனால் அக்காவின் கால்கள் பழக்கத்தில் கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விட்டன. இரண்டு கையிலும் பைகளோடு நின்று, வரிசை வரிசையாகக் கார்க் கண்ணாடிகளைப் பார்த்தாள். பிறகு திரும்பிச் சனத்தைப் பார்த்தாள்.

"இந்திரா, ஒரு இடத்திலையும் காணேல்லை."

"ஓம் அக்கா, எல்லாத்தையும் வாங்கிப்போட்டன்."

"அப்ப இனி எனக்காக ஆர் வெளியிலை நிக்கிறது?"

கேட்டுவிட்டு நடைபாதை விளிம்பில் குந்தி இருந்தாள். இருந்து அழத் தொடங்கினாள். வாய்விட்டு, சந்தை திரும்பிப் பார்க்க, லீக்ஸை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். பூக்கடைக்காரர் ஓடிவந்து "சவா, மடாம்?" என்று சுகம் கேட்டார். எப்படிச் சவா என்று சொல்வது? நானும் பக்கத்தில் இருந்தேன். காரை விட்டு இறங்காத அந்த மனிதரை நினைத்து எனக்கும் அழுகை வந்தது. எத்தனை வருடம் அந்த மனிதர் அப்படிக் காத்துக்கொண்டு இருந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா முகம் கழுவினாள். அலுமாரியைத் திறந்து ஒரு கட்டுப் பையை எடுத்து மடியில் வைத்தாள்.

"எல்லாத்தையும் குடுத்த ஆக்களிட்டையே திருப்பிக் குடு."

"விளங்கித்தான் கதைக்கிறீங்களோ, அக்கா? கிறகரி மீன்தான் போடுவான்."

அக்கா மேலே இருந்த பையை விரித்து, அத்தானின் கோட்டில் விழுந்திருந்த மடிப்பைக் கையால் நீவினாள்.

"போடட்டும்" என்றாள். "முகத்தை மட்டும் வெளியாலை வைச்சிருக்கச் சொல்லு."