மாடியில் நடந்த பூனை

பெட்ஷீட் மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து கையோடு கை சேர்த்து, மறுபடி பின்வாங்க வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஒரு ஷிப்டுக்கு நானூறு மடிக்கிறோம். எட்டு வருஷமாக என் எதிர்முனையைப் பிடிப்பவள் ரேடியோ. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. வாயை மூடாததால் நாங்கள் வைத்தது இது.

என் மகள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. பதினோரு வயது, நாலு நாள் காய்ச்சல். அதற்குப் பிறகு நான் உள்ளே நுழைந்தாலே கூடம் கப்சிப். மெஷின் மட்டும் சுற்றும். பரீட்சை, சளி, பேன் என்று பிள்ளைகள் சம்பந்தப்பட்ட எதையும் என் காதுபடப் பேசமாட்டார்கள். ரேடியோவே என்னைக் கண்டால் வெயிலைப் பற்றித்தான் பேசுவாள். வீட்டில் என் வீட்டுக்காரர் அதுகூடப் பேசுவதில்லை. மகளின் பெயரை அவர் வாயால் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. எனக்கு எல்லாமே அலுத்துவிட்டது, அழுவது உட்பட. ஆனால் இந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை. யாராவது ஒருவர் அவளைப் பற்றிப் பேசமாட்டார்களா என்று இருந்தது.

அப்போதுதான் அந்தப் பேய்வீட்டு சீரியல் வந்தது. தண்ணீர்த் தொட்டியில் விழுந்து செத்துப்போன ஒரு பெண், அவள் மாடியில் நடக்கிற சத்தம், வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டேன் என்கிற அம்மா. இதுதான் கதை. கூடத்தில் எல்லோரும் இதையே மென்றுகொண்டிருப்பார்கள், என் தலை தெரிந்ததும் நிறுத்துவார்கள். ஒருநாள் பொறுக்காமல் கேட்டேவிட்டேன்.

"என்னடி அது, ஆளாளுக்குப் பேசிக்கிறீங்களே, என்ன கதை?"

ரேடியோ பேயறைந்தவள் மாதிரி நின்றாள். பிறகு இஸ்திரி அண்ணனைப் பார்த்தாள். டாக்டர்களின் கோட்டுக்குப் பெட்டி போடுகிறவர் அவர். நல்ல மனுஷர், பொய் சொல்ல வராது.

"அது ஒண்ணுமில்லக்கா. ஒரு வீடு. அதுல ஒரு அம்மா. பொண்ணு ஹாஸ்டல்ல படிக்கிறா. அம்மாவுக்கு அவ நெனப்பாவே இருக்கு."

"பேய் சீரியல்னு சொன்னாங்க?"

"பேயெல்லாம் எங்க இருக்கு? மாடியில சத்தம் கேக்கும், அவ்வளவுதான்."

"மாடியில யாரு நடக்கிறது?"

"பூனை," என்றார் இஸ்திரி அண்ணன்.

"செருப்புச் சத்தம் கேக்குதுன்னு பஸ்ல ஒருத்தி சொன்னாளே அண்ணே. பூனை செருப்பு போட்டுட்டா நடக்கும்?"

"பெரிய பூனை," என்றார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு மோசமாக மறைப்பவர்களைப் பார்த்ததில்லை. ஏனென்றால் அந்த சீரியலை நானும் முதல் நாளிலிருந்து பார்க்கிறேன். காலையில் வேலைக்கு வரும் பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்து, போனில், காதில் மாட்டிக்கொண்டு.

சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாளும் கேட்டேன், அதற்கு மறுநாளும் கேட்டேன். நிஜ சீரியலில் மாடிச்சத்தம் கூடக் கூட, எங்கள் கூடத்துக் கதையில் பூனை குட்டி போட்டது. தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த அம்மா கத்திய அன்று, எங்கள் கதைப் பெண்ணுக்கு ஓட்டப்பந்தயத்தில் இரண்டாம் பரிசு கிடைத்தது.

"ஏன், மொதப் பரிசு குடுத்தா கொறைஞ்சா போயிடுவாங்க?" என்று ரேடியோவிடம் சண்டை போட்டேன்.

"அடுத்த வருஷம் வாங்கிடுவாக்கா," என்றாள்.

அடுத்த வருஷம்! ஒரு பெண்பிள்ளையைப் பற்றி யாரும் என்னிடம் அந்த வார்த்தையைச் சொல்லி எத்தனை நாளாகிறது. அன்றைக்கு ஷிப்டு முடியும்வரை எனக்குக் கால்வலி தெரியவில்லை.

பிறகு சீரியல் முடிந்தது. கடைசிப் பகுதியில் அந்த அம்மா மாடிக் கதவைத் திறந்து, "நீ போம்மா" என்றாள். செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாக இறங்கி வாசலைத் தாண்டிப் போனது. வீட்டைப் பூட்டிவிட்டார்கள். நான் இறங்கவேண்டிய ஸ்டாப்பைக் கோட்டைவிட்டு, இரண்டு ஸ்டாப் திரும்பி நடந்து அரைமணி தாமதமாக வந்தேன். வழியெல்லாம் ஒரே கவலைதான். கூடத்திலும் இன்று கதையை முடித்தாக வேண்டுமே, இவர்கள் அவளை என்ன செய்யப்போகிறார்கள்?

முனையைப் பிடித்ததுமே கேட்டேன். "முடிஞ்சிடுச்சாமே. என்ன ஆச்சு?"

"வீட்டுக்கு வந்துட்டா," என்றாள் ரேடியோ.

"வேலை கெடச்சு வெளியூர் போயிட்டா," என்றார் இஸ்திரி அண்ணன், அதே நேரத்தில்.

"பள்ளிக்கூடத்துப் பொண்ணுக்கு என்னண்ணே வேலை?"

அவர் திருதிருவென்று முழித்துவிட்டு, தேய்த்த காலரையே மறுபடி தேய்க்கத் தொடங்கினார்.

"அண்ணன் பாதியில தூங்கிட்டாரு. நீ என்னைக் கேளு," என்றாள் ரேடியோ. "லீவு விட்டாச்சு. வந்துட்டா."

"எப்ப வந்தா?"

"சாயங்காலம்."

"கையில பை இருந்துச்சா?"

"இருந்துச்சு. அழுக்குத்துணி மூட்டை."

"அம்மா என்ன பண்ணா?"

ரேடியோவுக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது. பெட்ஷீட்டை இழுத்துப் பிடித்தபடி யோசித்தாள்.

"என்ன பண்ணுவா... நெத்தியத் தொட்டுப் பாத்தா. என்னடி இப்படிக் கொதிக்குதுன்னா. மறுநாள் வேலைக்கு லீவு போட்டுட்டு அவகூடவே இருந்தா."

என் கையிலிருந்து முனைகள் நழுவின.

நான் லீவு போடவில்லை. காய்ச்சலின் இரண்டாம் நாள் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், மாத்திரை கொடுத்தேன், வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பி இங்கே வந்து நானூறு பெட்ஷீட் மடித்தேன். எதிரே நின்ற இவளிடம்கூட அதை இன்றுவரை சொன்னதில்லை.

"நான் லீவு போடலடி," என்றேன். "சுடுதுன்னு தெரிஞ்சும் வேலைக்கு வந்தேன்."

ரேடியோவுக்கு முகம் வெளுத்தது. "ஐயோ அக்கா, நான் சும்மா கதைக்கு..."

"கதைதான், தெரியும். அந்த சீரியலை மொத நாள்லேர்ந்து நானும் பாக்கிறேன். அந்தப் பொண்ணு செத்துட்டா."

"அப்புறம் எதுக்கு தெனம் தெனம் கேட்டே?" ரேடியோவுக்குக் கோபமே வந்துவிட்டது. "அடுப்படியில நின்னு யோசிச்சு யோசிச்சுக் கதை கட்டினேன் நான்!"

"உங்க கதையில மட்டுந்தாண்டி அவ உயிரோட இருந்தா."

டிரையர் ஓடி முடித்துக் கூவியது. யாரும் போகவில்லை. இஸ்திரி அண்ணன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நின்றார். தரையில் விழுந்த துணி மறுபடி சலவைக்குப் போகவேண்டும் என்பது இங்கே சட்டம். ரேடியோ அதைச் சுருட்டி அழுக்கு ட்ராலியில் போட்டாள். புதிதாக ஒன்றை எடுத்து, இரண்டு முனைகளை என் கையில் திணித்தாள். பின்னால் நடந்து போய்த் தன் முனைகளைப் பிடித்துக்கொண்டு, என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

"உம் பொண்ணு மாடிப்படி எப்படிக்கா ஏறுவா?"

பதினான்கு மாதத்தில் அவளைப் பற்றி ஒருவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. பதில் தயாராக இருந்தது.

"ரெண்டு ரெண்டு படியாத் தாவுவா. கீழ்வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க. பூனையாவது ஒண்ணாவது, யானைடி அவ."

இஸ்திரி அண்ணன் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே, தேய்த்து முடித்த டாக்டர் கோட்டின் கையில் கண்ணைத் துடைத்தார்.

"அப்புறம்?" என்றாள் ரேடியோ, பெட்ஷீட்டை உதறியபடி.