குறுக்கே யாரும் பேசவில்லை

"நடுவுல அழுகை வந்துட்டா என்ன பண்றது, டீச்சர்?"

"அழுதாலும் தலைவர் நிறுத்துவார், சிரிச்சாலும் நிறுத்துவார். நிறுத்தறதுதான் அவர் வேலை."

"அப்போ எங்க வீட்டுக்காரருக்கு அண்ணன்னு சொல்லுங்க."

சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். சொன்னவள் சிரிக்கவில்லை. நகரத்துக் குப்பைக் கிடங்கில் பிளாஸ்டிக்கும் தகரமும் பொறுக்கிப் பிழைப்பவள் அவள். குரலை வைத்து எல்லோரும் வெண்கலம் என்றே கூப்பிட்டார்கள்.

கிடங்கை ஒரு கம்பெனி எடுத்து நடத்தப்போகிறது. வேலி போட்டு கேட்டைப் பூட்டிவிட்டால் பொறுக்குகிறவர்கள் உள்ளே கால் வைக்க முடியாது. அதற்கு முன் நகராட்சி ஒரு கூட்டம் போட்டு மக்கள் கருத்தைக் கேட்டாக வேண்டும். கிடங்கு ஆட்கள் சார்பில் ஒருவர் மட்டும் பேசலாம். வெண்கலம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: லாரி கொட்டியதும் கேட்டுக்குள் நின்று பிரித்தெடுக்க அனுமதி.

டீச்சர் என்று அவர்கள் அழைத்த இளம்பெண் உண்மையில் டீச்சர் இல்லை. வேறு கம்பெனிகளின் மேலாளர்களுக்கு மேடைப்பேச்சு சொல்லிக்கொடுத்து, அதில் வரும் பணத்தில் இவர்களைப் போன்றவர்களைக் கூட்டங்களில் பேசப் பழக்கும் சின்ன நிறுவனத்தில் வேலை பார்த்தாள். அச்சகத்துக்கு மேலே ஒரே அறை. கீழே இயந்திரம் ஓடினால் மேஜைமேல் டம்ளரில் தண்ணீர் நடுங்கும். 'அவர்களுக்காகப் பேசாதே, அவர்கள் பேச வழிவிடு' என்று சுவரில் எழுதியிருந்தது.

பயிற்சியில் அவள்தான் கூட்டத் தலைவர். நிஜத் தலைவர் யாரையும் பேசி முடிக்க விட்டதில்லை என்பது ஊரறிந்த விஷயம். அதனால் அவளும் விடமாட்டாள். வெண்கலம் தன் அம்மா இதே குப்பை மேட்டில் பொறுக்கியதைச் சொல்லி, கண்ணாடி அறுத்துத் தன் விரல் போனதைச் சொல்லும் இடத்தில் டீச்சர் மேஜையைத் தட்டுவாள்.

"கதை போதும்மா. என்னதான் வேணும் உங்களுக்கு?"

அவ்வளவுதான். வெண்கலத்தின் முதுகு நிமிரும். "வேணுங்கறது இதுதான் சார்!" என்று அவள் ஆரம்பித்தால் கீழே ஓடும் இயந்திரம் காதில் விழாது. கோபம் வந்தால்தான் அவளுக்கு வார்த்தை வரும். அதைக் கண்டுபிடித்ததில் டீச்சருக்கு உள்ளூர ஒரு பெருமை. வாரக்கணக்கில் அப்படியே பழகினார்கள்.

கூட்டத்தன்று பழைய தலைவர் இல்லை. மாற்றலாகிப் போயிருந்தார். அவர் நாற்காலியில் மெலிந்த, அமைதியான ஒருவர். வெண்கலம் மைக்கின் முன் நின்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

அவள் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். விரலைப் பற்றிச் சொன்னாள். நிறுத்தினாள்.

அவர் தட்டவில்லை. தலையை லேசாக ஆட்டி, இன்னும் கேட்கத் தயாராக இருப்பவர்போல் உட்கார்ந்திருந்தார். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. வெண்கலம் மைக்கை மாற்றிப் பிடித்தாள். வாய் திறந்து மூடியது. கூட்டத்துக்குள் டீச்சரைத் தேடினாள்.

கடைசி வரிசையில் டீச்சர் நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை கத்தினால் போதும். ஆனால் கத்தினால், பின்னாலிருந்து யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று அவள் இதுவரை பேசியதுகூடச் செல்லாமல் போகும். சுவரில் எழுதியிருந்ததும் நினைவுக்கு வந்தது. உட்கார்ந்தே இருந்தாள்.

"ரொம்ப நன்றிம்மா" என்றார் தலைவர், உண்மையான கனிவோடு. "மனசைத் தொட்டுட்டீங்க. அடுத்தது யாரு?"

அடுத்து வந்தவர் தன் தெருவில் வீசும் நாற்றத்தைப் பற்றிப் பேசினார். வேலி சீக்கிரம் வரட்டும் என்றார். முடிவில் எழுத்தர் எழுந்து வாசித்தார்: கிடங்குத் தரப்பில் அனுபவம் பகிரப்பட்டது, கோரிக்கை ஏதுமில்லை. கைகள் உயர்ந்தன. கிடங்கைக் கம்பெனிக்குக் கொடுக்கும் தீர்மானம் நிறைவேறியது.

வெளியே மழை வருவதுபோல் இருட்டிக்கொண்டிருந்தது. இருவரும் பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பேருந்துகள் வந்து யாரையோ இறக்கிவிட்டுப் போயின.

"தப்பு என்னுதுக்கா" என்றாள் டீச்சர். "அப்படிப் பழக்கியிருக்கவே கூடாது."

"திட்டுவான்னு பார்த்தேன்" என்றாள் வெண்கலம். "அந்த மனுஷன் ஆசையா உக்காந்து கேக்கறான், டீச்சர். நான் பேசி யாரும் அப்படிக் கேட்டதே இல்ல. கையும் ஓடல, காலும் ஓடல. எதுக்கு வந்தோங்கறதே மறந்து போச்சு."

"மனுவா எழுதிக் குடுத்துப் பார்க்கலாம்."

"கேட்டைப் பூட்டினப்புறம் மனுவை எங்க தொங்கவிடறது? பூட்டுலயா?"

வெண்கலத்தின் மடியில் போன் அதிர்ந்தது. அவள் எடுக்கவில்லை.

"என் நாத்தனார். இன்னிக்குப் பேச அவதான் வரேன்னா. என்னைவிட நல்லாப் பேசுவா, தெரியுமா? நான்தான் வம்படியா நின்னு வந்தேன். இப்ப எல்லாருமா கிடங்கு கேட்டுப் பக்கத்துல உக்காந்திருக்காங்க."

போன் அடங்கி, மறுபடியும் அதிர்ந்தது. வெண்கலம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீச்சர் பக்கம் திரும்பினாள். அந்தக் குரலில் இப்போது வெண்கலம் இல்லை.

"நீங்க கூட வாங்க, டீச்சர். நான் கேட்டேன், அவங்கதான் தரமாட்டேன்னுட்டாங்கன்னு உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நான் சொன்னா நம்பமாட்டாங்க."