நினைவுமலரில் மிஞ்சியவை

1

'பயம்' என்ற சொல்லை விட்டுவைத்தால் அவருக்குத் தெரிந்துபோகும்.

மங்கையற்கரசி மனதுக்குள் நினைத்தது இது. அவர் என்பது அவள் புருஷன் வினாயகமூர்த்தி. அவர் செத்து மூன்று கிழமையாகிவிட்டது. செத்த மனிதருக்கு எப்படித் தெரிந்துபோகும்? இந்தக் கேள்வியில்தான் கதை பிறந்தது. எழுதுகிறவள் அதை மறைக்கப் போவதில்லை. [மறைப்பது மங்கையற்கரசியின் வேலை.]

2

முதலில் எழுதிய தொடக்கம் வேறு: "வாவியில் காற்று விழுந்த ஒரு பின்னேரம், வவுணதீவுக் கரையில்..."

வேண்டாம். காற்றுக்கு இங்கே வேலையில்லை. ஒரு மேசையும் கறுப்பு மார்க்கரும் போதும்.

மாதர் சங்கத்தில் ஒருநாள் பழைய பேப்பர்களைக் கொடுத்து, பிடித்த சொற்களை விட்டு மீதியைக் கறுப்படிக்கச் சொன்னார்கள். மிஞ்சுவது கவிதையாம். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். மங்கையற்கரசி வீட்டுக்கு வந்தும் விடவில்லை. வயல் பசளை விளம்பரம், கரண்ட் பில், கோயில் நோட்டீஸ் என்று அகப்பட்டதையெல்லாம் கறுப்பாக்கினாள். சொந்தமாக ஒரு வரி எழுதென்றால் கை நடுங்கும். அடுத்தவர் எழுதியதை அழிக்கும்போது நடுங்காது.

3

அவர் செத்த முப்பத்தோராம் நாள் சடங்கில் கொடுக்க நினைவுமலர் அடிக்க வேண்டும். புருஷனின் தம்பி கோணாமலை எழுதிக் கொடுத்தான். பிழை பார்ப்பதற்காக ஏறாவூர் அச்சகத்திலிருந்து ஒரு தாள் வந்தது:

"வீட்டில் விருந்து குறையாமல், எவரும் கடிந்து பேசாத பண்பாளராய், அவர் வரும் வழி பார்த்து ஊர் மகிழ, நேரம் காலம் பாராது உதவி, மனைவியின் நிழலாய், பயம் அறியா உத்தமராய் வாழ்ந்தார்."

எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. ஆனாலும் கை மார்க்கரை எடுத்தது.

வீட்டில் ███████ எவரும் ████ பேசாத ██████ அவர் வரும் ████████ நேரம் ███████ மனைவியின் █████ பயம் █████████

தாளை மேசையில் காயவிட்டு அவள் குளிக்கப் போனாள். கோணாமலை வந்தான், கறுப்பைப் பிழைதிருத்தம் என்று எண்ணி மடித்தான், அச்சகத்தில் கொடுத்தான். தான் எழுதியதைத் தானே திரும்ப வாசிப்பானேன்?

[தாளை மறந்துதான் விட்டுப்போனாளா? எழுதுகிறவளுக்குச் சந்தேகம். கேட்டால் மங்கையற்கரசி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.]

4

மறுநாள் அச்சகக்காரி ஸஹீதா மங்கையற்கரசிக்குப் போன் எடுத்தாள். போன் ஸ்பீக்கரில்; கோணாமலையும் பக்கத்தில் இருந்தான்.

"அக்கா, நீங்க கறுப்படிச்சதெல்லாம் தூக்கிட்டன். எட்டுச் சொல்லுத்தான் மிஞ்சுது. இப்பிடியே அடிக்கவா?" அவள் அந்த எட்டையும் வாசித்தாள்.

கோணாமலை மங்கையற்கரசியிடம் திரும்பினான்.

"என்ன மச்சாள் இது? அண்ணன்ட படத்துக்குக் கீழ இதையா போடுற? ஊர்ச்சனம் வாசிச்சா?"

"வாசிக்கட்டுமே தம்பி," என்றாள் ஸஹீதா போனில். "நான் அடிச்ச மலரெல்லாம் கச்சான் கடலை சுத்தத்தான் போயிருக்கு."

"நீங்க பொறுங்க!" அவன் போனைக் கையால் பொத்தினான். குரல் இறங்கியது. "மச்சாள், உங்கட பேத்தி கிறுக்கினது எண்டு சொல்லுங்க. ஒரு வார்த்தை. மிச்சத்த நான் பாத்துக்கிறன்."

மங்கையற்கரசியின் காது வாசல் கேற்றடிக்குப் போயிற்று. இது அவளுடைய சீதன வீடு. ஆனாலும் அவருடைய மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் ரேடியோவைக் குறைத்துவிடுவாள், பேத்தியின் வாயைப் பொத்துவாள். இப்போது ஒரு சத்தமும் இல்லை. காது மட்டும் பழையபடி அங்கேயே நின்றது.

5

முடிவு ஒன்று: அவள் பொய் சொல்கிறாள். உத்தமர் மறுபடியும் உத்தமராகிறார்.

முடிவு இரண்டு: "நான்தான் அடிச்சன்! இத்தனை வருஷமாப் பயந்து செத்தன்!" என்று ஊர் கேட்கக் கத்துகிறாள். [எழுதுகிறவளுக்கு இதில்தான் ஆசை. வசனம்கூடத் தயார். மங்கையற்கரசி அதை வாயில் எடுக்கவில்லை. எழுதுகிறவள் கேட்டதற்காகக் கத்துவதும், கோணாமலை கேட்டதற்காகப் பொய் சொல்வதும் அவளுக்கு ஒன்றுதான் போலிருக்கிறது.]

அச்சகத்தில் கடைசியில் எது அச்சாகிறது என்பதை வாசிக்கிற நீங்கள் முடிவுசெய்துகொள்ளுங்கள். இங்கே கோணாமலை போனை அவள் வாயருகே நீட்டிக்கொண்டு நிற்கிறான்.

"அக்கா, லைன்ல இருக்கிறிங்களா?"

"ஓம்," என்றாள். பிறகு கோணாமலையைப் பார்த்து, வீட்டில் யாரோ தூங்குவது போன்ற சின்னக் குரலில்:

"எல்லாம் நீங்க எழுதின சொல்லுத்தான் தம்பி. நான் ஒண்டும் புதுசாக் கூட்டல்ல. கிறுக்கினது எண்டு மட்டும் சொல்ல மாட்டன்."